பச்சை உடம்புக்காரியின் பிராது

கேட்க வேண்டிய இடத்தில் கேட்க ஆளில்லை. அதனால் ஊரறியச் சொல்கிறேன்.

நான் கைதியாக இருந்தபோது பிள்ளை பெற்றவள். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் அந்தச் செய்தி இல்லை. பிறந்த இடம் சிறை என்று பதியக் கூடாது என 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு, கும்பிடுகிறேன். காகிதத்தில் கறை படியாமல் காப்பாற்றிவிட்டார்கள். எனக்குள் படிந்ததை எந்தக் கோர்ட்டில் மனுப் போட்டு அழிப்பது?

என்ன கேஸ் என்று கேட்பீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு சீட்டுக் கம்பெனியில் ரசீது போட்டவள் நான். முதலாளியும் பங்காளிகளும் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள். ரசீதில் இருந்தது என் கையெழுத்து. பணத்தைப் பறிகொடுத்த சனம் எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றியது. அவர்கள் வயிற்றெரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். வழக்கு இன்னும் வாய்தா வாய்தாவாக நடக்கிறது. அதை இங்கே வாதாட வரவில்லை. குற்றம் செய்தவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து மாறாது.

வளைகாப்புக்குப் புடவை எடுத்து வைத்திருந்தார்கள். அந்த மாதம்தான் ரிமாண்ட்.

பொய் சொல்ல மாட்டேன், உள்ளே என் உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள். பால் வந்தது, முட்டை வந்தது, சத்து மாத்திரை வந்தது. எஸ்கார்ட் போலீஸ் கிடைக்காமல் ஸ்கேன் தள்ளிப்போனதுண்டு, ஆனாலும் கூட்டிப்போனார்கள். பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில், வார்டு வாசலில் காவல். பிள்ளையோடு திரும்பியதும் எடை எழுத ஒரு நோட்டு, தடுப்பூசிக்கு ஒரு அட்டை. என் மகள் எந்த வாரம் எத்தனை கிராம் ஏறினாள் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அவளைப் பெற்றவள் எத்தனை ராத்திரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்பது எந்த நோட்டிலும் இல்லை. அதை எழுதக் கட்டமே போடவில்லை.

பிரசவமான வாரத்திலேயே ஆரம்பித்தது. காரணமில்லாத அழுகை. எல்லாருக்கும் வரும், போய்விடும் என்றார்கள். போகவில்லை. பிள்ளை பால் குடிக்கும்போது யார் பெற்றதோ என் மடியில் கிடப்பதுபோல் இருக்கும். சோறு மண்ணாக இருக்கும். சாயங்காலம் லாக்கப் அடைக்கிற நேரம் வந்தால் சாவிச் சத்தத்துக்கே கை நடுங்கும். அப்புறம் அந்த நினைப்பு வந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் நான் எழுதவே வேண்டாம். பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்து வைத்த வாளியைப் பார்ப்பேன். பார்த்ததும் மனசுக்குள் ஒரு படம் ஓடும். என் கையைப் பார்த்து நானே பயந்தேன். முதுகு வலிக்கிறது என்று பொய் சொல்லி, பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தூரப் போய் நின்றுகொள்வேன்.

வெளியே வந்து வெகுநாள் கழித்து ஒரு மனநல டாக்டர் விளக்கினார். பிள்ளை பெற்ற பலருக்கும் இப்படி வேண்டாத நினைப்பு வந்து போகும். அதைக் கண்டு பதறி ஒதுங்குகிறவள் பிள்ளையைக் கெடுக்க நினைப்பவள் அல்ல. பேசினால் தணியும். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வருகிற சித்தப்பிரமை வேறு. அங்கே நினைப்பே நிஜமாகத் தெரியும், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எது எதென்று பிரித்துப் பார்க்கத்தான் படித்த ஆள் வேண்டும் என்றார். இவ்வளவுதான் விஷயம். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். இதை உள்ளே ஒருவர் சொல்லியிருந்தால் நான் அத்தனை ராத்திரி என்னைப் பேயென்று நம்பியிருக்க மாட்டேன்.

கவுன்சிலர் வராமல் இல்லை. வந்தார். மெல்லப் பேசுகிற பெண். ஆபீஸ் ரூமில் நாற்காலி போட்டு உட்காருவார், நாங்கள் வரிசையில் போவோம். கதவு திறந்தே இருக்கும். கதவை ஒட்டி வார்டர்.

"எப்படிம்மா இருக்கே? பாப்பா பால் குடிக்குதா? சாப்பிடுறியா?"

"நல்லாருக்கேன் மேடம்."

ரெஜிஸ்டரில் கையெழுத்து. அடுத்த ஆள்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? சொல்லித்தான் பாருங்களேன். வாளி என்று வாயெடுத்தால் முதலில் வார்டர் காதில் விழும். லாக்கப் அடைப்பதற்குள் பிளாக் முழுக்கப் பரவும். ஜெயிலுக்குள் புருஷனை வெட்டியவளுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. பிள்ளைமேல் கை வைத்தவள் என்று பெயர் எடுத்தவளுக்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிக்க மாட்டார்கள். காலையில் விஷயம் சூப்பிரண்டென்ட் மேஜைக்குப் போகும். பிள்ளைக்கு ஆபத்து என்று எழுதிக் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். வெளியே என் மாமியார், மருமகளைக் கழற்றிவிடப் பைத்தியம் என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். இத்தனையையும் கூட்டிக் கழிக்க எனக்கு ஒரு நொடி போதும், கணக்கு எழுதிப் பழகியவள்தானே. மனசைத் திறக்கச் சொன்ன அந்த அறையில் கதவு மட்டும்தான் திறந்திருந்தது.

இதற்கா சிகிச்சை என்று பெயர்? மனநலப் பராமரிப்புச் சட்டம் என்று 2017இல் ஒன்று போட்டார்கள். நோயாளி சொல்வது ரகசியமாக இருக்க வேண்டும் என்பது அதில் உரிமை. சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்து மனநலச் சிகிச்சை தர 2009 முதலே தனிப் பிரிவு நடக்கிறது. இதையெல்லாம் உள்ளே யார் எனக்குச் சொன்னார்கள்? "உன் பிள்ளையைப் பிடுங்க மாட்டோம், சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருப்பேன்.

தூக்கம் வரவில்லை என்று மட்டும் ஒருநாள் சொல்லிவிட்டேன். மாத்திரை வந்தது. அதைப் போட்டுக்கொண்ட ராத்திரி பிள்ளை அழுதது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் உலுக்கி, திட்டி, பிள்ளையைத் தூக்கி என் மார்பில் போட்டாள். அதற்குப் பிறகு மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக் கக்கூஸில் துப்பினேன். மாத்திரையே தப்பு என்று சொல்ல நான் யார்? சிலருக்கு அதுதான் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. பால் கொடுக்கிறவளுக்கு எது, எவ்வளவு, எந்த நேரம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டியதை, பிளாக்கில் சத்தம் வராமலிருக்கக் கொடுத்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். அவளைத் தனியே விட மாட்டார்கள். தாய்வீட்டில் ஒரு அறை, பிரசவ காயம் உருட்டிக் கொடுக்க ஒரு கை, வெந்நீர் ஊற்ற ஒரு கை, "நீ படு, நான் பாத்துக்கிறேன்" என்று பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு கை. காத்து கருப்பு அண்டாமல் தலைமாட்டில் ஒரு இரும்புத் துண்டு. எனக்கு இரும்புக்குக் குறைவில்லை, வாசலெல்லாம் இரும்பு. கைகள்தான் இல்லை. அம்மா மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தபோது, வலைக்கு இரண்டு பக்கமும் அத்தனை பேர் கத்துகிற கத்தலில், "தலைக்கு ஊத்துனியா?" என்று அவள் கேட்டது வாயசைவில்தான் புரிந்தது. அந்த வழக்கத்தையெல்லாம் மூடநம்பிக்கை என்று நானே கேலி செய்தவள். அதில் பாதி, பெற்றவள் மனசு சிதறிவிடாமல் பிடித்து வைக்கப் பெண்கள் கண்டுபிடித்த வழி என்று இப்போது தோன்றுகிறது. ஜெயில் அதைப் பறித்தது. பறித்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டாமா?

வெளியே வந்ததும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது. இந்தியாவில் பிரசவித்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் 22 பேருக்கு மனச்சோர்வு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் எழுதியிருக்கிறார்கள். வறுமை, வீட்டில் அடி உதை, தாங்கிப் பிடிக்க ஆளில்லாமை எல்லாம் அதை வரவழைக்கும் காரணங்களாம். ஜெயிலுக்கு வருகிறவள் இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதானே வருகிறாள்?

கண்டுபிடிப்பது கஷ்டமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று 1987 முதல் இருக்கிறது. பத்துக் கேள்வி, ஐந்து நிமிட வேலை. ரத்தம் எடுக்க வேண்டாம், மெஷின் வேண்டாம். போன வாரம் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா என்று போய், பத்தாவதில் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்துப் பார்த்து 2005இலேயே வேலூர் மருத்துவர்கள் வெளியிட்டுவிட்டார்கள். லண்டனுக்குப் போக வேண்டாம், டெல்லிக்குப் போக வேண்டாம். தமிழ்நாட்டில், தமிழில் தயாரான ஒரு பக்கக் காகிதம். நான் இருந்த சிறை எது என்று சொல்லப்போவதில்லை. அந்தக் காகிதம் அங்கே வந்து சேரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

எத்தனை பேர் இருப்பீர்கள், விரல்விட்டு எண்ணலாமே என்பார்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் பிள்ளையோடு இருந்த பெண்கள் 1,537 பேர், பிள்ளைகள் 1,764. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. பெரும்பாலோர் என்னைப் போல விசாரணைக் கைதிகள், தீர்ப்பு எழுதப்படாதவர்கள். வயிற்றில் சுமந்துகொண்டிருப்பவர்கள் இந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டார்கள். இவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும் சேர்த்து எத்தனை பேர் மனசைப் பார்க்க இருக்கிறார்கள்? இந்திய நீதி அறிக்கை 2025 சொல்கிறது: 5.7 லட்சம் கைதிகளுக்கு உளவியலாளரும் மனநல மருத்துவரும் சேர்த்து 25 பேர். 500 பேருக்கு ஒருவர் என்பது அரசு தனக்குத்தானே வகுத்துக்கொண்ட அளவு.

ஆள் பற்றாக்குறை என்று கையை விரிக்காதீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், பள்ளிப்படிப்பு முடித்த சாதாரணச் சுகாதாரப் பணிப்பெண்களுக்கு டாக்டர் அத்திஃப் ரஹ்மானும் கூட்டாளிகளும் பேச்சுச் சிகிச்சை கற்றுக்கொடுத்தார்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு கண்ட பெண்களிடம் அவர்கள் வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். முடிவு 2008இல் லான்செட் இதழில் வந்தது. பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. கிடைக்காதவர்களில் 53 பேருக்கு. உலக சுகாதார நிறுவனம் அதைக் கையேடாகவே போட்டிருக்கிறது. கோவாவில் அக்கம்பக்கத்துத் தாய்மாரையே பழக்கிச் செய்து பார்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்து உடம்பு நடுங்கியது. எங்கள் பிளாக்கில் ஆயுள் தண்டனை அக்கா ஒருத்தி இருந்தாள். துணி துவைக்கிற தொட்டியடியில், வேறு யாரும் இல்லாத நேரம், வாளி விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் துவைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கும் வந்துச்சுடி, ரெண்டாவது பிள்ளைக்கு. அது வெறும் நெனப்பு. நாளைக்கி நீயே ஊத்து, நான் பக்கத்துல நிக்கிறேன்."

நின்றாள். என் கை நடுங்கினால் தோளைப் பிடித்துக்கொள்வாள், ஆனால் சொம்பை வாங்க மாட்டாள். பயந்து ஒதுங்கிய காரியத்தைத் துணை நின்று மறுபடி செய்யவைப்பது மனநல மருத்துவத்தில் உள்ள முறைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கைநாட்டுக்காரி அவள், எங்கே படித்தாள்? இப்படி ஒருத்தியைப் பயிற்றுவித்து உட்காரவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? கைதிகளையே சட்ட உதவித் தொண்டர்களாகப் பழக்குகிறார்கள், மனு எழுத வைக்கிறார்கள். மனசுக்கு மட்டும் ஏன் முடியாது?

கொஞ்ச நாளில் அவளை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகக் காரணம். என் சிகிச்சை அன்றோடு முடிந்தது.

இன்னொருத்தியைச் சொல்லாமல் போனால் பாவம். அவள் மகனுக்கு ஆறு வயது முடிந்தது. அதற்கு மேல் பிள்ளையை உள்ளே வைக்கக் கூடாது. சரிதான், கம்பிக்குள் வளர வேண்டிய பிள்ளையா அது? புதுச் சட்டை போட்டுவிட்டாள். பொருட்காட்சிக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தாள். அவன் எங்கள் எல்லாருக்கும் டாட்டா காட்டிவிட்டுப் போனான், வார்டர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுநாள் ரோல் காலுக்கு அவள் எழுந்து வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "நடிக்கிறா" என்றார்கள். பிள்ளையைக் காப்பகத்தில் ஒப்படைக்க எத்தனை பாரம், எத்தனை கையெழுத்து! ஒப்படைத்தவள் அன்று ராத்திரி என்ன ஆவாள் என்று கேட்க ஒரு பாரமும் இல்லை. ஒரு சாவு விழுந்தால்கூட எழவு வீட்டில் உட்கார்ந்து அழ நாலு பேர் வருவார்கள்.

இங்கிலாந்தில் சிறைத் தாய்மாருக்கென்றே அன்னா ஃபிராய்ட் மையத்தார் ஒரு பயிற்சியை வகுத்தார்கள். தாயும் பிள்ளையுமாகக் குழுவாக உட்கார்ந்து, பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று பார்க்கப் பழகுகிற எட்டு அமர்வுகள். 163 தாய்-பிள்ளை ஜோடிகளை வைத்துச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அமர்வுகள் கிடைக்காத தாய்மாருக்குப் பிள்ளையின் மனசைப் படிக்கிற திறன் சிறையில் இருக்க இருக்கத் தேய்ந்தது, கிடைத்தவர்களுக்குத் தேயவில்லை. மனச்சோர்வில் மட்டும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரனைக் கும்பிடச் சொல்லவில்லை. அதே நாட்டில் பிரான்ஸ்ஃபீல்டு சிறையில் 2019இல் ஒரு 18 வயதுப் பெண் ராத்திரியில் உதவிக்கு அழைத்தும் யாரும் வராமல், அறைக்குள் தனியே பெற்று, பிள்ளையைப் பறிகொடுத்தாள்.

அந்த எட்டு அமர்விலும் மனச்சோர்வு குறையவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சாவி வெளியே இருக்கிறதே. பெண்ணுக்கு ஜாமீன் தர நீதிபதிக்குச் சட்டத்தில் தனியாகவே இடம் உண்டு. 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, சிறைச் சூழலில் பிரசவம் தாயையும் சேயையும் பாதிக்கும் என்று சொல்லி ஒரு கர்ப்பிணிக்கு ஆறு மாதத் தற்காலிக ஜாமீன் கொடுத்தது. எனக்கும் ஒரு வழியாக ஜாமீன் கிடைத்தது. சொத்து உள்ள இரண்டு சூரிட்டி கேட்டார்கள். சீட்டுக் கம்பெனி கேஸ்காரிக்கு எவன் வீட்டுப் பத்திரத்தை நீட்டுவான்? உத்தரவு கோர்ட்டில் கிடக்க, நான் பிள்ளையோடு உள்ளே கிடந்தேன். ரிமாண்டை விட அந்த நாட்கள்தான் என்னை அரித்துத் தின்றன.

வெளியே விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. சீக்கு என்னோடு வீட்டுக்கு வந்தது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்; சின்ன வயதில் அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய நாட்களில் நான் எட்ட நின்றேன், அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்? தீர்ப்பில் விடுதலை என்றே வந்தாலும் அது திரும்புமா? குற்றவாளி என்று வந்தால் அந்தத் தண்டனையை இதில் கழித்துக்கொள்வார்களா?

பெண்ணென்று பார்த்து, பெற்றவளென்று பார்த்து இரக்கப்படாதீர்கள், எனக்கு அது வேண்டாம். வருஷத்துக்கொரு முகாம், பேனர், போட்டோ, பிஸ்கட் பாக்கெட், அதுவும் வேண்டாம். ரிமாண்டுக்கு வருகிற ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் முதல் வாரமே அந்தப் பத்துக் கேள்வியைக் கேளுங்கள். பிள்ளை பிறந்த பிறகு மறுபடி கேளுங்கள். பிள்ளையைப் பிரித்து அனுப்பிய அன்றைக்குக் கட்டாயம் கேளுங்கள். என்ன பதில் சொன்னாலும் பிள்ளை உன்னிடம்தான் இருக்கும், இரண்டு பேரையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு முன்னால் வார்டரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். "நல்லாருக்கேன் மேடம்" என்று அவள் சொன்னால் அதை ரெஜிஸ்டரில் எழுதாதீர்கள், அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள், அங்கேயே உட்கார்ந்திருங்கள்.